இருபத்து நாலு மில்லிமீட்டர்

சர்வேயர் பதினோரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் செத்துக் கிடந்தார்.

ஆழத்தில் சந்தேகமே இல்லை. முந்தின நாள் அவரே அளந்து நோட்டில் எழுதியிருந்தார்.

புதிய கட்டடத்தின் அடித்தளத்துக்காகத் தோண்டிய குழி. காலை எட்டரை மணி. ஐம்பது பேர் குழிக்குள் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். 'தொப்' என்று சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் பார்த்தது விழுந்து கிடந்தவரைத்தான். விழுந்ததைப் பார்த்தது ஒரே ஒருவர். மேலே, குழியின் விளிம்பில் நின்றவர்.

காண்ட்ராக்டரின் மாப்பிள்ளை.

சைட் இன்ஜினியரும் அவரேதான். பெண்ணைக் கொடுத்த கையோடு மாமனார் சைட்டையும் கொடுத்திருந்தார். இரண்டில் எதை அவர் ஒழுங்காகக் கவனித்தார் என்பது இன்னும் விசாரணையில் வரவில்லை.

அவர் போலீஸிடம் சொன்ன கதை ரொம்பச் சுருக்கம். பக்கத்து அடுக்குமாடிக் கட்டடம் மண்ணுக்குள் இறங்குகிறது என்று சர்வேயர் மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் கோளாறு கட்டடத்தில் இல்லை, சர்வேயரின் மெஷினில். அது வெளியே தெரிந்ததும் மனிதர் வெட்கம் தாங்காமல் குதித்துவிட்டார்.

தற்கொலை. சுபம்.

பாக்கி ஒரு காகிதம்தான். மெஷின் கோளாறு என்று விவரம் தெரிந்த யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மில்லிமீட்டரின் பட்டறையில் போன் அடித்தது.

மில்லிமீட்டர் ஒரு பெண்மணி. வயது நாற்பத்தாறு. சர்வே கருவிகளைப் பழுது பார்த்து, சோதித்து, சான்றிதழ் கொடுப்பவள். ஒரு மில்லிமீட்டர் தப்பைக்கூட விடமாட்டாள் என்பதால் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர் அது. அவளைக் கட்டியவரும் அதே காரணத்துக்காக அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனால் அவர் வாயில் அது பாராட்டாக வரவில்லை.

போனில் இன்ஸ்பெக்டர். செத்தவர் யார், என்ன மெஷின், எதற்குச் சோதனை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.



"மேடம்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். செத்தவர் என் பழைய புருஷன்."

"பழைய புருஷன்னா..."

"புதுசு எதுவும் வரல சார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சுட்டோம்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். சுற்று வட்டாரத்தில் இந்தச் சோதனைக்கு வேறு ஆள் கிடையாது. வேண்டுமானால் மத்தியானம் வரட்டுமா, அதற்குள் அழுது முடித்துவிடுவீர்களா என்பதைக் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார்.

"இப்பவே வாங்க சார். அழறதுக்கு வெளிச்சம் தேவையில்ல. டெஸ்டுக்குத் தேவை."

போனை வைத்தாள். கையில் இருந்த லென்ஸைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நான்காவது முறை துடைக்கும்போதுதான் அது முதலிலேயே சுத்தமாக இருந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

---

ஜீப்பில் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். பின்னால் காரில் காண்ட்ராக்டரும் மாப்பிள்ளையும். இழவு வீட்டுக்கு வருகிற முகத்தை இருவரும் வழியிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாமனாருக்குப் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தொளதொளத்தது.

விஷயம் தெரிந்ததும் காண்ட்ராக்டர் குதித்தார். செத்தவரின் சம்சாரமே சோதனை பண்ணினால் எப்படி நம்புவது என்றார்.

"முன்னாள் சம்சாரம்" என்று மில்லிமீட்டர் திருத்தினாள். "எனக்கு அவர் மேல பாசம்னு நீங்க பயப்படறீங்க. கோர்ட்ல நான் குடுத்த பதினாலு பக்க மனுவைப் படிச்சா அந்தப் பயம் போயிடும்."

"இல்லம்மா... இருந்தாலும்..."

"நான் மெஷினைத் தொடவே போறதில்ல. இன்ஸ்பெக்டர் சாரே கண்ணை வெச்சுப் பார்க்கட்டும், அவரே எழுதட்டும். நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஓரமா நிக்கறேன். போதுமா?"

போதும் என்றார். 

போலீஸ் முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். லெவல் மெஷின். மூன்று காலில் நின்றுகொண்டு, தூரத்தில் நிறுத்திய அளவுகோலைக் குழாய் வழியாகப் பார்த்து எது மேடு, எது பள்ளம் என்று சொல்கிற சமாச்சாரம். அது நேராகப் பார்த்தால் ஊரே நேராக இருக்கும். அண்ணாந்து பார்த்தால் தொலைந்தோம்.

பட்டறைக்குப் பின்னால் நீளமான காலி இடம். அறுபது மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளைகள் தரையில் அறைந்திருந்தன. ஒவ்வொரு முளையின் மேலும் ஒரு கான்ஸ்டபிள் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தார். இரண்டுக்கும் சரியாக நடுவில் மெஷின்.

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணை மூடினார். அப்புறம் மூட வேண்டிய கண் அது இல்லை என்று தெரிந்து மற்றதை மூடினார்.

முதல் முளையில் ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து. இரண்டாவதில் ஆயிரத்து இருநூற்று எண்பது. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. வித்தியாசம் நூற்று முப்பத்தைந்து.

"இதுதான் நிஜம். எழுதிக்குங்க" என்றாள் மில்லிமீட்டர்.

"மெஷின் கோளாறா இல்லையான்னே இன்னும் தெரியாதே?"

"நடுவுல நின்னு பார்த்தா அது தேவையில்ல சார். மெஷின் அண்ணாந்து பார்த்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே தூரம். இந்தப் பக்கம் எவ்வளவு கூட்டிச் சொல்லுதோ, அந்தப் பக்கமும் அவ்வளவே கூட்டிச் சொல்லும். கழிச்சா தப்பும் சேர்ந்து கழிஞ்சு போயிடும். இப்ப முதல் முளை பக்கத்துல கொண்டு போய் வெச்சுப் பாருங்க. அங்கதான் குட்டு உடையும்."

மெஷினை முதல் முளையை ஒட்டி மாற்றி வைத்தார்கள். அருகில் ஆயிரத்து ஐநூற்று இரண்டு. அப்படியானால் தூரத்து முளையில் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தேழு வந்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூத்தொண்ணு."

இருபத்து நாலு மில்லிமீட்டர் தப்பு!

காண்ட்ராக்டர் பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளை ஆறுதலாக மாமனாரின் தோளைத் தொட்டார். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளையின் வாக்குமூலத்தை எடுத்துப் பிரித்தார்.

"'ஒரு வாரமாகவே மெஷினில் அறுபது மீட்டருக்கு இருபத்து நாலு மில்லிமீட்டர் தப்பு இருப்பது தெரிந்தும் சர்வேயர் மறைத்துவிட்டார். அன்று காலை என்னிடம் சொல்லி அழுதார்...' நேத்து குடுத்த வாக்குமூலம். அச்சு அசலாப் பொருந்துது." அவளைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஸாரி மேடம். நீங்க சான்றிதழ் எழுதிடலாம்."

"எழுதறேன். மெஷின் கோளாறுதான். அவரோட நோட்டு எங்க?"

நோட்டு ஜீப்பில் இருந்தது. விழுந்தவரின் சட்டைக்குள் செருகியிருந்தது என்று பிணத்திலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. மில்லிமீட்டர் அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புரட்டினாள்.

அவருடைய கையெழுத்து. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"வெட்கத்துல குதிச்சார்னு சொன்னீங்க இல்ல?" தலை நிமிராமலே பேசினாள். "பதினோரு வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு மாட்டிக்கிட்டு வந்தவர். சபையே சிரிச்சது. இவரும் சேர்ந்து சிரிச்சார். வெட்கத்துக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"அது... சாட்சி ஆகாது மேடம்."

"தெரியும். இது ஆகும்." நோட்டை அவர் முன் நீட்டினாள். "மூணு வாரம், தினம் ஒரு பக்கம். பக்கத்து பில்டிங் சுவத்துல அடிச்ச ஆணியைப் பார்த்து எழுதினது. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல தூரம் எழுதியிருக்கு பாருங்க. பின்னால அசையாத ஒரு குறிக்கு இருபது மீட்டர், முன்னால ஆணிக்கு இருபது மீட்டர். எல்லாப் பக்கத்துலயும் இருபது, இருபது."

இன்ஸ்பெக்டர் புரட்டினார். இருபது... இருபது... இருபது...

"நடுவுல..." என்றார் மெதுவாக.

"நடுவுலதான். மெஷின் எவ்வளவு கோளாறா வேணா இருந்துட்டுப் போகட்டும், இவர் எழுதின கணக்குல தப்பு நுழையவே முடியாது. அந்த பில்டிங் மூணு வாரத்துல முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. பன்னிரண்டு குடும்பம் இப்பவும் உள்ளதான் இருக்கு சார்."



அடுத்த நிமிஷம் இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடம், எல்லாரும் வெளியே, உடனே.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. கீழ் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் உடைத்துத்தான் ஆட்களை வெளியே கொண்டு வந்தார்களாம். அந்தக் கதவு மூன்று வாரமாகவே இறுகிக்கொண்டு வந்ததாம். மரம் ஊதிவிட்டது என்று வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் இழைத்துக்கொண்டிருந்தாராம். மாடிப்படிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். அதன் மேல் காலண்டரை மாட்டியிருந்தார்கள்.

காண்ட்ராக்டர் நிஜமாகவே வெளுத்துப் போயிருந்தார். இந்த முகம் காரில் மாட்டியது இல்லை.

"எனக்கு இது தெரியாதும்மா. யாரும் சொல்லலையே..."

"மூணு லெட்டர் உங்களுக்கு எழுதியிருக்கார். தேதி இங்க இருக்கு. மூணையும் சைட் இன்ஜினியர் கையில குடுத்ததா குறிப்பு. கட்டடத்தை ஒட்டி முட்டுக் குடுக்காம ஒன்றரை மீட்டர் அதிகமாத் தோண்டிட்டாங்க, நிறுத்துங்கன்னு எழுதியிருக்கார்."

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். அங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை.

"வேலை சீக்கிரம் முடியணும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க... சரி, பில்டிங் இறங்கியிருக்கலாம். அதுக்காக அவர் குதிக்கலைன்னு ஆயிடுமா? மெஷின் கோளாறுன்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டேன். கோளாறு எப்ப வந்ததுங்கறதுதான் கேள்வி." மில்லிமீட்டர் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "செத்த அன்னிக்குக் காலையில எழுதினது. படிக்கறேன். 'ஏழு பத்து. சைட்டுக்கு வெளியே ரோட்டில் அறுபது மீட்டரில் மெஷின் சோதனை. தப்பு, ஒரு மில்லிமீட்டர்.' அதுக்குக் கீழ, 'சரிபார்த்தேன், ஏழு நாற்பது'ன்னு ஒரு கையெழுத்து. யாரோடதுன்னு பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் நோட்டை ஒரு கையிலும் வாக்குமூலத்தை மறு கையிலும் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி.

"அது... தினமும் போடறது. நான் படிக்காமதான் போடுவேன்" என்றார் மாப்பிள்ளை.

"அப்படியா? அப்ப ஸ்டேட்மென்ட்லயும் படிக்காமதான் போட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை மெதுவாக ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். 

மில்லிமீட்டர் நிதானமாகச் சொன்னாள். ஏழு நாற்பதுக்குச் சரியாக இருந்த மெஷின் எட்டரைக்குப் பிறகு கெட்டிருக்கிறது. தானாகக் கெட்டிருந்தால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சோதனைக்கு முந்தின நாளே 'இருபத்து நாலு' என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால், அந்த அளவுக்கு மெஷினின் திருகைத் திருப்பி வைத்தவர் அவர்தான். சர்வேயர் விழுந்ததும் ஐம்பது பேரும் அவரைத் தூக்க ஓடினார்கள். மெஷினோடு மேலே நின்றது ஒருவர்தான்.

அவள் நோட்டைத் திரும்ப வாங்கி, மடங்கிய மூலையை நீவிவிட்டாள்.

"கீழ அவருக்கு உசிரு இருந்துதா இல்லையான்னுகூட எட்டிப் பார்க்காம... காலையில சோதனைக்கு அப்புறம் ரோட்டுல சாத்தி வெச்ச அளவுகோலைப் பார்த்துப் பார்த்துத் திருகியிருக்கார் சார். கணக்கா. இருபத்து நாலு வர வரைக்கும்."

மாப்பிள்ளை ஓடப் பார்த்தார். கான்ஸ்டபிளின் கையில் இருந்த நான்கு மீட்டர் அளவுகோல் காலில் குறுக்கிட்டது. விழுந்தார்.

தரையில் கிடந்தபடியே எல்லாம் வந்தது. அன்று காலை சர்வேயர், இனி லெட்டர் எழுதப் போவதில்லை, நேரே பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க் கதவைத் தட்டப் போகிறேன் என்றாராம். திரும்பி நடந்தாராம். விளிம்பை ஒட்டி...

"ஒரு தள்ளுதான் சார்" என்றார் மாப்பிள்ளை, அது ஏதோ சலுகைக்குரிய விஷயம் போல.

"இவனைக் கூட்டிக்கிட்டுப் போங்க சார்" என்றார் காண்ட்ராக்டர். மாப்பிள்ளை 'இவன்' ஆவதற்கு ஆறு வருஷக் கல்யாணத்தில் அரை நிமிஷம்தான் ஆனது.

விலங்கு மாட்டினார்கள். மில்லிமீட்டர் நோட்டை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். இவ்வளவு பொறுப்பான மனிதரை ஏன் பிரிந்தீர்கள் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊரான் வீட்டுச் சுவத்துல ஒரு மில்லிமீட்டர் விரிசல்னா மூணு லெட்டர் எழுதுவார். எங்க வீட்டு விரிசலைப் பத்தி எட்டு வருஷத்துல ஒரு வரி எழுதல." சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிற நாகரிகம் தெரிந்தவர். ஜீப்பை நோக்கி நடந்தார்.

பின் சீட்டில் மாப்பிள்ளை புலம்பிக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருந்தால் கால் தவறி விழுந்தார் என்று போயிருக்கும், அந்தத் திருகைத் தொட்டதுதான் வினையாகப் போயிற்று. நடுவில் வைத்துப் பார்த்தால் தப்பு தெரியாது என்று யாருமே தனக்குச் சொன்னதில்லையே.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அக்கறையாகவே கேட்டார்.

"நீங்க இன்ஜினியரிங் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். காலேஜ் பேரைச் சொன்னார். எந்த வருஷம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"ரொம்ப தேங்க்ஸ்" என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். "அடுத்த மாசம் என் பொண்ணுக்கு அட்மிஷன். லிஸ்ட்ல ஒரு காலேஜ் குறைஞ்சுது."