முந்நூறு தட்டுவடையும் ஒரு பொய்யும்

யுவஸ்ரீ, தேவிப்ரியா, சபரிநாதன் மூவரும் ஆறாம் வகுப்பு. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர். சனிக்கிழமை என்றால் அவர்களுக்குத் தின்பண்ட நாள். திருச்செங்கோட்டு மிக்சர், சேலத்து நொறுக்கல், உள்ளூர் எள்ளுருண்டை என்று கிடைத்ததைக் கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து தின்று, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள்.

சபரிநாதன் எதைத் தின்றாலும் பத்துதான் போடுவான். அதனால் அவன் மதிப்பெண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

யுவஸ்ரீ அப்படியல்ல. கண்ணை மூடி ஒரு வாய் போட்டாள் என்றால் எந்தக் கடை, என்ன எண்ணெய், பொரித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். தேவிப்ரியாவின் அம்மா சித்ரா வீட்டிலேயே தட்டை என்கிற தட்டுவடை போட்டு விற்பவர். அவரே யுவஸ்ரீயைக் கூப்பிட்டு, முதல் ஈட்டில் ஒன்றைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

யுவஸ்ரீக்கு ஓட்டத்தில் கடைசி இடம். கணக்கில் நடு இடம். பாட்டு வராது. எல்லாரும் அவளைத் தேடி வருவது இந்த ஒன்றுக்காகத்தான்.

ஆவணி மாதம் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து ஒரு வாரம் படுத்தாள். காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. மல்லிகைப் பூ வெறும் பூவாக இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நாக்குக்குத் தெரிந்தன. மற்றது எதுவும் தெரியவில்லை.

காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார். இரண்டு நாள் மூன்று வாரமாயிற்று. யுவஸ்ரீ அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று பயந்தாள்.

சனிக்கிழமைகளில் அவள் இப்போது கண்ணை மூடுவதில்லை. தேவிப்ரியாவின் முகத்தைப் பார்ப்பாள். அவள் முகம் சுளித்தால் நான்கு. கண் விரிந்தால் ஒன்பது. மூன்று வாரமும் பிசகாமல் ஓடியது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் சித்ரா ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவருக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. ரிக் வண்டி வைத்திருக்கும் கந்தப்பன், போர்வெல் போடும் ஆட்களோடு அன்று சாயங்காலம் மத்தியப் பிரதேசம் கிளம்புகிறார். திரும்பிவர இரண்டு மாதமாகும். அவர்கள் வழியெல்லாம் தின்ன முந்நூறு தட்டுவடை வேண்டும். பிடித்துவிட்டால் இனி ஒவ்வொரு நடைக்கும் சித்ராவிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தார்.

சித்ராவுக்குப் புரட்டாசிச் சனி விரதம். விளக்கு வைக்கும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் படாது. இந்த வருடம் தேவிப்ரியாவும் அம்மாவோடு சேர்ந்து பிடிவாதமாக விரதம்.

"நாங்க ரெண்டு பேரும் வாயில வெக்க முடியாது. விடியக்காலையில இருந்து புகையில நின்னு என் மூக்கும் அடைச்சுப் போச்சு. நீ பாத்துச் சொல்லு சாமி" என்று ஒரு தட்டுவடையை நீட்டினார்.

யுவஸ்ரீ கடித்தாள். நன்றாக நொறுங்கியது. உப்பு சரி. காரம் சரி. அதற்கு மேல் தெரிந்துகொள்ள யாருடைய முகமும் இல்லை.

"நல்லாருக்குங்க அக்கா" என்றாள்.

சித்ரா நிம்மதியாக அடுத்த ஈடு போட்டார். மதியம் இரண்டு மணிக்கு முந்நூறும் அண்டாவில் குவிந்திருந்தன.

அப்போதுதான் சபரிநாதன் வந்தான். யுவஸ்ரீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகச் சித்ரா சொல்ல, உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டான். இரண்டு மெல்லு மென்றான். பிறகு எதையோ மறந்தவன் போல வெளியே போனான். ஜன்னல் வழியாக யுவஸ்ரீ பார்த்தாள். அவன் முருங்கை மரத்தடியில் துப்பிக்கொண்டிருந்தான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். ஒன்றுமில்லை என்றான். மறுபடி கேட்டாள். அவன் தயங்கினான்.

"சிக்கு வாடை அடிக்குது. பழைய எண்ணெய் மாதிரி. ஆனா நீதான் நல்லாருக்குன்னு சொன்னியாமே. அப்ப என் நாக்குலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

எதைக் கொடுத்தாலும் பத்து போடுகிறவன் துப்பியிருக்கிறான். அதையும் யுவஸ்ரீயை நம்பி வெளியே சொல்லாமல் இருக்கிறான்.

பேசாமல் இருந்துவிடலாம். அண்டா வண்டியில் ஏறிவிடும். நாளைக்கு எங்கோ தூரத்து ஊரில் யாரோ தின்று முகம் சுளிப்பார்கள். கந்தப்பன் இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று சித்ராவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த எண்ணமே யுவஸ்ரீக்குக் கசந்தது.

உள்ளே போனாள். சித்ரா காகிதம் விரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதைக் கட்டாதீங்க. எனக்கு மூணு வாரமா வாசனையே தெரியறதில்லைங்க. காலையில நான் சொன்னது பொய்ங்க."

சித்ராவுக்கு முதலில் புரியவில்லை. முற்றத்துக்குப் போய் மூக்கைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு தட்டுவடையை உடைத்து முகர்ந்தார். முகம் கறுத்தது. தேவிப்ரியாவும் முகர்ந்தாள். முகர்ந்தால் விரதம் கெடுமா என்று கேட்கக்கூட மறந்துவிட்டாள்.

"அப்பவே தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சாமி" என்றார் சித்ரா. திட்டவில்லை. அதுதான் யுவஸ்ரீக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. தேவிப்ரியா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்கு வண்டி. புதிதாகப் போடலாம் என்றால் கெட்டது எது என்று தெரிய வேண்டும். மாவா, வெண்ணெயா, நிலக்கடலையா, எண்ணெயா? சபரிநாதன் எண்ணெய் என்றான். தேவிப்ரியா மாவு என்றாள். அடுப்படிப் புகையில் இரண்டு பேருக்கும் எல்லாமே ஒன்றாக மணத்தது.

யுவஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மூக்குத்தான் போயிருந்தது. எப்படி முகர வேண்டும் என்பது போகவில்லை.

ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எல்லாரையும் வெளியே வரச் சொன்னாள். முகத்தைக் கழுவச் சொன்னாள். ஒன்றை முகர்ந்ததும் நான்கு முறை காற்றை இழுத்துவிட்டுத்தான் அடுத்தது. சபரியைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"நல்லதா கெட்டதான்னு சொல்ல வேண்டாம். என்ன ஞாபகம் வருதுன்னு மட்டும் சொல்லு."

எண்ணெய்க் கிண்ணத்தை முகர்ந்து, செக்கு ஆடும் கடை என்றான். மாவுக்கு, மில்லு என்றான். வெண்ணெய்க்கு, பெரியம்மா வீட்டு மோர்ப்பானை என்றான். உடைத்த கடலைக் கிண்ணத்தை வைத்ததும் தலையைப் பின்னால் இழுத்தான்.

"மழையில நனைஞ்ச சாக்கு."

தேவிப்ரியாவும் முகர்ந்துவிட்டு அதுதான் என்றாள். சித்ரா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசரத்தில் புது மூட்டையைப் பிரிக்காமல், அடுக்கில் கிடந்த போன வருடத்துக் கடலையை உடைத்துப் போட்டிருக்கிறார்.

கந்தப்பனுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டுக் கிளம்ப ஏழு மணியாகும், அதற்குள் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்றார் அவர்.

பிறகு யாரும் உட்காரவில்லை. தேவிப்ரியா மாவு உருட்டினாள். யுவஸ்ரீயும் சபரியும் தட்டினார்கள். புதுக் கடலை, புது எண்ணெய். சித்ரா பொரித்தார். உருட்டிக்கொண்டே தேவிப்ரியா தன் முழங்கையால் யுவஸ்ரீயை இடித்து, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல என்று முணுமுணுத்தாள். அதன் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து, சித்ரா பழைய பழக்கத்தில் யுவஸ்ரீயிடமே நீட்டினார். அவள் கடித்தாள்.

"மொறுமொறுப்பும் உப்பும் சரியா இருக்குங்க அக்கா. வாசம் எனக்குத் தெரியல. அதை அவன்கிட்டக் கேளுங்க."

சபரிநாதன் வெகுநேரம் மென்றான். அடுப்பைத் தணித்துவிட்டு எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். நல்ல கடலை வாசம் வருகிறது, பூண்டு கொஞ்சம் பின்னால் வருகிறது என்றான். தேவிப்ரியா முகர்ந்து தலையாட்டினாள்.

ஏழு மணிக்கு இருநூற்று நாற்பது தட்டுவடைதான் சேர்ந்தன. கந்தப்பன் வண்டியை வீட்டு முன்னாலேயே நிறுத்தி டின்களை ஏற்றிக்கொண்டார். ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றவர், உடனே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். யார் ருசி பார்த்தது என்று கேட்டார்.

சித்ராவும் சபரியும் தேவிப்ரியாவும் யுவஸ்ரீயைப் பார்த்தார்கள்.

"நாங்க மூணு பேருங்க" என்றாள் யுவஸ்ரீ.