ரிப்பன் பறந்த பக்கம்

தலையணையில் அந்தக் கறை, மகள் வாய் வைத்துப் படுக்கும் இடத்தில் இருந்தது.

அவள் அப்பா, ஏசி மெக்கானிக், அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை, பிசுபிசுவென்று விரலோடு வந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்தான். டீசல் புகை வாடை அவனுக்குப் பழகியதுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. பல நாள் துலக்காத வாயின் வாடை. காலையில் அவனே பக்கத்தில் நின்று பல் துலக்க வைத்த பிள்ளை இவள்.

அடுத்தவர் வீட்டு அழுக்கைக் கழுவிப் பிழைக்கிறவன் அவன். ஏசி ஃபில்டரைக் கழற்றினால் போதும், அந்த வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள், யாருக்கு முடி கொட்டுகிறது என்று புட்டுப் புட்டு வைப்பான். வைத்துவிட்டு முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவான், அப்படியோர் அருவருப்பு. "ஊருக்கெல்லாம் காத்து விடுற மனுஷன், நம்ம வீட்டு ஃபேன் மட்டும் கிரீச் கிரீச்னு கத்துது" என்று மனைவி கிண்டலடிப்பாள். ஆனாலும் காற்று விஷயத்தில் அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

வீடு இரண்டாவது மாடியில், சாலையைப் பார்த்தாற்போல் இருந்தது. கீழே நாள் முழுக்க லாரியும் பஸ்ஸும் ஓடும். மகளுக்கு இளைப்பு வந்தபோது, புகை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவன் உடனே மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அவளுடைய சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு வந்தான். ரிப்பன் வீட்டின் பின்பக்கம் பறந்தால் சாலைக் காற்று உள்ளே வருகிறது, ஜன்னலைச் சாத்த வேண்டும். சாலைப் பக்கம் பறந்தால் காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போகிறது, திறக்கலாம். குளிர்காலம் முழுக்க ரிப்பன் சாலைப் பக்கமே பறந்தது. ஜன்னலும் திறந்தே கிடந்தது. இளைப்பு மட்டும் குறையவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் வேலையாக இருந்த மனைவி போன் செய்தாள்.

"என்ன பண்றா?"

"ஸ்கூல்லேர்ந்து வந்து படுத்தவதான், தூங்குறா."

"ஜன்னல்?"

"திறந்திருக்கு. இப்பதான் மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன், ரோட்டுப் பக்கம்தான் பறக்குது."

"எனக்கென்னவோ சரியாப் படலைங்க. காலைல அவ குடுத்த முத்தத்தைத் துடைச்சேன். கர்ச்சீப் கறுப்பாயிடுச்சு."

போனை வைத்தவன், நாக்கால் தன் பல்லைத் தடவினான். நறநறவென்றது. மேசையில் மகள் குடிக்காமல் வைத்த பாலில் ஆடை படிந்திருந்தது. ஆடையின் மேல் மெல்லிய கறுப்பு. திரைச்சீலையின் ஓரத்தை யாரோ எச்சில் பண்ணிச் சப்பியதைப் போல ஈரம்.

பையிலிருந்து நூலை எடுத்தான். ஏசியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவன் எப்போதும் வைத்திருக்கும் நூல். ஜன்னலின் திரைச்சீலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். அது வெளியே போயிருக்க வேண்டும். உள்ளே பறந்தது.

அவன் தலையை நீட்டி வெளியே பார்த்தான். சாலைக்கு எதிர்ப்புறம், போன வருஷம் எழும்பிய கண்ணாடிக் கட்டடம். இவன் வீட்டு மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை பறந்துபோய் அந்தக் கண்ணாடியில் மோதியது. மோதி, வழுக்கிக் கீழே இறங்கியது. சாலையை ஒட்டி, லாரிகளின் புகையை அளைந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பி வந்தது. வந்து இவன் வீட்டுச் சுவரோடு மேலே ஏறியது.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேலே போகிற காற்று வேறு, கீழே உருள்கிற காற்று வேறு. ரிப்பன் சாலைப் பக்கம் பறந்த ஒவ்வொரு நாளும் சாலைப் புகை சுற்றிக்கொண்டு இந்த ஜன்னலுக்குத்தான் வந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு, பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே திறந்து விட்டிருக்கிறான். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

அவன் ஜன்னல் கதவில் கை வைத்தான்.

"மூடாதப்பா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலேயே.

அப்போது காற்று நின்றது. பிளாஸ்டிக் பை துவண்டு சாலையில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் அசையவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது.

நூல் மட்டும் அசைந்தது.

உள்ளே வந்தது. நின்றது. வெளியே போனது. நின்றது.

உள்ளே.

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மார்பு ஏறியது, இறங்கியது. நூலும் அதே கணக்கில். இவள் விடும் மூச்சா இவ்வளவு தூரம் வருகிறது? உற்றுப் பார்த்தான்.

முதலில் நூல். பிறகுதான் மார்பு.

இவள் இழுக்கவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஊதியது.

கதகதப்பான காற்று. அழுகிய வாயின் வாடை. அவன் முகத்தில் பட்டு, அவனைத் தாண்டிப் போய், அவள் உதட்டுக்குள் இறங்கியது.

அவன் ஜன்னலை அறைந்து சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். நூல் தொங்கியது. வீடு அமைதியானது. அப்பாடா என்றிருந்தது.

அமைதி அதிகமாக இருந்தது.

மார்பு ஏறவில்லை.

"கண்ணு." உலுக்கினான். "கண்ணு, மூச்சு விடும்மா. அப்பா இருக்கேன்ல. விடும்மா."

உதடு நீலமானது. விரல் நகங்களும். அவன் தன் வாயை வைத்து ஊதினான். அவள் உடம்பு அதை ஏற்கவில்லை. குப்பென்று திருப்பித் துப்பியது. அவன் வாய் நிறையப் பிசுபிசுப்பு. கறுப்பு.

ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது காத்திருந்தது. கண்ணாடி மெல்ல மங்கியது. தெளிந்தது. மங்கியது.

அவன் ஓடினான். தாழ்ப்பாளை எடுத்தான். திறந்தான்.

நூல் உள்ளே வந்தது.

மார்பு ஏறியது.

அது மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சட்டத்தில் கொழகொழவென்று எதுவோ ஊறி வந்து, அவன் விரல்களின் மேல் ஏறி, விரலிடுக்கெல்லாம் சூடாக நக்கியது. அவன் கையை எடுக்கவில்லை. கட்டிலில் அவன் மகள், தூக்கத்திலேயே, வாயை இன்னும் அகலத் திறந்தாள். சப்புக்கொட்டினாள். விழுங்கினாள்.