வெளியேறாத பதினேழாம் எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈ காக்கை இருக்காது. தினேஷ் பைக்கை நிறுத்திய, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனி வாசலில் மட்டும், மதில் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் சின்னசாமி கேட்டைத் திறந்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"நைனா, அட்டெண்டன்ஸ் மிசினுக்கு வந்தவரா நீ? நான் கமலம். எங்க ஊட்டுக்காரர் ஏகாம்பரம் இங்கதான் பிரஸ்ல மாட்டிகினு செத்தாரு. அன்னிக்கு அவர் வேலைக்கே வரலன்னு சாதிக்கிறாங்க. அவர் விரல் வச்சது அதுல கீதான்னு பாத்து சொல்லு நைனா."

"பாக்குறேன்மா" என்றான் தினேஷ்.

அதை அழிக்கத்தான் அவன் வந்திருந்தான். "புது சாஃப்ட்வேர் போடுறப்ப பழசு கொஞ்சம் போயிடுச்சுன்னா யாரு கேக்கப் போறா?" என்று முதலாளி ஜானகிராமன் போனிலேயே சொல்லிவிட்டார். இதை முடித்தால் மற்ற யூனிட்டுகளின் வேலையும் அவனுக்குத்தான். தினேஷுக்கு மனசு உறுத்தவில்லை. கொஞ்சமாவது உறுத்தியிருக்கலாம்.

ஆபீஸ் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று வாசலுக்கு. உள்ளே வரவும் வெளியே போகவும் கைரேகை மிஷினில் விரல் வைத்தால்தான் அது திறக்கும். இன்னொன்று பிரஸ் ஷெட்டுக்கு. அங்கிருந்து எண்ணெய் நாற்றமும், அதற்கடியில் பிளீச்சிங் பவுடர் நெடியும் வந்தன. சின்னசாமி தன் விரலை வைத்துத் திறந்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றது.

'பதினேழாம் எண் ஏகாம்பரம் இன்னும் வெளியேறவில்லை. தொடர முடியாது.'

தினேஷ் டேட்டாபேஸைத் திறந்து அந்த வரியை அழித்தான். மறுபடி ஓட்டினான். அதே இடத்தில் நின்றது. திறந்து பார்த்தால் வரி பழையபடி இருந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. இந்த முறை உள்ளே வந்த தேதி இன்றைக்கு என்று இருந்தது.

ஏதோ கோளாறு என்று திட்டிக்கொண்டே, இன்ஸ்டலேஷன் ஆட்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். சோதனைக்குத் தன் விரலையே கொடுப்பது அவர்கள் வழக்கம். பதினேழாம் எண்ணில் ஏகாம்பரத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, ஆள்காட்டி விரலைப் பதித்தான். டேட்டாபேஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இன்ஸ்டலேஷன் முழுசாக முடிந்தது.

மனைவி கிருஷ்ணப்பிரியாவுக்கு போன் போட்டான். "அம்பத்தூர்ல வேலை முடிஞ்சுது. சாப்பாடு எடுத்து வை. இதோ வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

கதவைத் திறக்க விரல் வைத்தான்.

"மீண்டும் விரல் வைக்கவும்" என்றது மிஷினின் பெண் குரல்.

சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான்.

"மீண்டும் விரல் வைக்கவும்."

இந்த முறை குரல் ஷெட்டுக்குள்ளிருந்து வந்தது.

அங்கே கைரேகை மிஷின் கிடையாது.

சாத்தியிருந்த ஷெட்டுக் கதவு இப்போது திறந்திருந்தது. இருட்டுக்குள் யாரோ வேஸ்ட் துணியில் கை துடைக்கும் சத்தம். ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர் துடைப்பதைப் போல, அவசரமில்லாமல்.

பச்சை ரத்த வாடை தினேஷை உரசிக்கொண்டு கடந்து போனது. கைரேகை மிஷினின் கண்ணாடியில் ஈரமாக ஒரு சிவப்புத் தீற்றல் விழுந்தது.

"நன்றி. சென்று வாருங்கள்."

கதவு திறந்தது. தினேஷ் பாய்வதற்குள் அவன் முகத்திலேயே சாத்திக்கொண்டது.

வெளியே கமலத்தின் குரல் கேட்டது.

"வந்துட்டியா? இன்னா இவ்ளோ நேரம்?"

தினேஷ் கதவைக் குத்தினான், உதைத்தான். திரையில் ஒரே ஒரு வரி நின்றது.

'பதினேழாம் எண் தினேஷ். உள்ளே.'

ஷெட்டில் பிரஸ் ஓடத் தொடங்கியது. அவன் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பின. வரமாட்டேன் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டான். மேஜை தரையைக் கீறிக்கொண்டு கூடவே வந்தது.

முதல் அடியில் விரல்கள் போயின. அவன் கத்தியது வாசல் கேட் வரை நன்றாகவே கேட்டது. சின்னசாமி ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஏகாம்பரம் கத்தியபோதும் அதைத்தான் செய்தார்.

கமலம் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மதில் நிழலில் கிருஷ்ணப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அப்படி யாரும் வரவில்லை என்று ஜானகிராமன் அவளிடம் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு காரில் போய்விட்டார். அதே இன்ஸ்டலேஷனை மறுபடி செய்யப் புதிதாக வந்த ஜஸ்டின் பைக்கை நிறுத்தியதும் அவள் எழுந்து வந்தாள்.

"தம்பி, என் வீட்டுக்காரர் பேர் தினேஷ். இங்க வந்தாரான்னு சிஸ்டத்துல பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்குறேங்க" என்றான் ஜஸ்டின். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

உள்ளே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அடைத்தது. இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றது. திரையில் வந்த பெயரை அழிக்க அவன் விரலை நகர்த்தியபோது, ஷெட்டுக்குள் யாரோ மெதுவாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.