நாச்சியாவின் மார்த்துணி

லைலா, நாச்சியாவின் அந்தப் பெரிய வீட்டுக்குப் புதியவள் அல்ல. மாதத்துக்கு ஒரு தடவையாவது தைத்த சட்டையோடு வந்து போகிறவள்தான். ஆனால் ஐம்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதத்து அந்தப் புதன்கிழமை அவள் கையில் சட்டை எதுவும் இல்லை. ஊசியும் ஒரு நூற்கட்டையும் மட்டும்தான். நாச்சியா விடியற்காலை சுபஹு நேரத்தில் உயிர் பிரிந்து மௌத்தாகியிருந்தாள். இறந்த பெண்ணின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த சாய்ந்தமருது ஊரில் லைலாவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

மற்ற நாட்களில் அவள் தையற்காரி. கப்பலேறி ஊருக்குப் போகும் வெள்ளைக்காரத் துரைசாணிமார் கொழும்பில் விட்டுவிட்டுப் போகிற கவுன்களை ஏலத்தில் எடுத்து, றஸாக் என்ற வியாபாரி மூட்டையாகக் கொண்டுவருவான். லண்டன், பாரிஸ் தையற்காரரின் பெயர் கழுத்துப் பட்டிக்குள் பட்டுநூலில் பொறித்திருக்கும். லைலா அவற்றைத் தையல் தையலாகப் பிரிப்பாள். ஒன்றின் கை, இன்னொன்றின் கழுத்து, வேறொன்றின் முத்துப் பொத்தான் என்று சேர்த்து, ஆளைப் பார்த்து ஆளுக்கேற்ற சட்டை ஆக்குவாள். ஒருத்திக்குத் தைத்தது மற்றவளுக்கு ஒட்டவே ஒட்டாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

நாச்சியாதான் அவளைப் பாடாய்ப் படுத்தியவள். சட்டையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக உள்புறத்தைப் புரட்டிப் பார்ப்பாள்.

"உள்ளுக்கு ஒழுங்காத் தை புள்ள. வெளிய ஊர் பாக்கும். உள்ளுக்கு உடுக்கிறது நான்தானே" என்பாள்.

அந்த நாச்சியா இப்போது பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள். இடக்கையின் சின்னவிரல் வழக்கம்போல மடங்கியே இருந்தது. லைலா நூலால் அளவெடுத்தாள். தலைக்கு மேல் ஒரு சாண், காலுக்குக் கீழ் ஒரு சாண் கூட்டி அளப்பது கபனுக்கு மட்டும்தான். பெண்ணுக்கு ஐந்து துண்டு; ஐந்தாவது, மார்பைச் சுற்றும் மார்த்துணி. கத்தரிக்கோல் படக்கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். நூலில் முடிச்சும் போடக்கூடாது.

துணி, நாச்சியா ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவின் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்தது. அவ்வளவு மெல்லிய வெள்ளையை லைலா தொட்டதே இல்லை.

அங்கேதான் அவளுக்குப் புத்தி கெட்டது.

பத்து நாளில் மகள் ஜெமீலாவுக்குக் கலியாணம். வாப்பா இல்லாமல் வளர்ந்த ஒரே பிள்ளை. அவளுக்கென்று மூன்று கவுன்களைப் பிரித்து, பச்சை வெல்வெட்டும் பாரிஸ் லேசுப் பின்னலுமாக ஒரு சட்டை கூட்டியிருந்தாள். ஆனால் லேசு உடம்பில் குத்தியது. உள்ளே இருந்த பழைய பட்டு தொட்டதும் உதிர்ந்துபோனது. கல்முனைக் கடைகளில் கிடைத்ததோ கஞ்சி போட்ட மொடமொடத் துணி.

மார்த்துணி எப்படியும் போர்வைக்குள் போய்விடும். யார் பார்க்கப் போகிறார்கள்? தண்ணீர் வார்க்க வந்தவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, லைலா ஐந்தாவது துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்தாள்.

நாலு துண்டோடு நாச்சியா அடக்கமானாள்.

வியாழன் காலையில் துணியைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை அலசிக் காயவைத்து, சட்டைக்குள் வைத்துத் தைத்தாள். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் துணி தனியாகக் கழன்று கிடந்தது. நூல் இற்றுப்போயிருக்கும் என்று நினைத்தாள். இரட்டை நூலில், முனைக்கு முனை முடிச்சுப் போட்டுத் திரும்பவும் தைத்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தாள். துணி மறுபடியும் கழன்று கிடந்தது.

நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சுகள்தான் இல்லை.

துணியை முகர்ந்தாள். மையித்துக்குப் பூசும் கற்பூரமும் சந்தனமும் மணத்தன. சட்டென்று கீழே போட்டாள். ஆனாலும் மகளின் கலியாணம் கண்ணுக்குள் நின்றது. மூன்றாம் தடவையும் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. கடல் இரைச்சல் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஜெமீலா சட்டையைப் போட்டாள். முதுகுப் பொத்தான்களை லைலா பூட்டினாள்.

"உம்மா, உள்ளுக்கு ஈரமா இரிக்கி."

"காஞ்ச துணிதானே, மகள்."

"இல்ல உம்மா. குளிருது."

ஜெமீலாவின் உதடு நீலம் பாரித்தது.

"கழட்டுங்க உம்மா... மூச்சு..."

பொத்தான் ஒன்றுகூட அசையவில்லை. லைலா கழுத்து வழியாகக் கையை விட்டு, உள்துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். மகள் பாயில் விழுந்து மூச்சு வாங்கினாள். அந்தக் கிழியும் சத்தம் லைலாவின் காதில் அப்படியே நின்றது.

"ஆடாமப் படு புள்ள. இந்தா வாறன்."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாச்சியாவை அடக்கிய மையவாடிக்கு ஓடினாள். பெண்கள் போகாத இடம். தடுக்கவும் ஆளில்லை. நாச்சியாவின் கபுறு மேட்டில் மார்புப் பக்கமாகக் கையாலேயே மணலைத் தோண்டினாள். துணியைப் புதைத்தாள்.

"ராத்தா, உங்கட சாமான உங்களுக்கே தந்திட்டன். மாப்புத் தாங்க. எண்ட புள்ளைய உட்டுருங்க" என்று அழுதாள்.

மணல் அசையவில்லை. நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெமீலா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. பச்சைச் சட்டை கழற்றப்பட்டு, உள்புறம் வெளியே தெரியப் புரட்டிக் கிடந்தது. லைலா மகளைக் கட்டிக்கொண்டாள்.

"சட்டைய ஆரு மகள் கழட்டின?"

"நீங்க அனுப்பின பொம்பளதான். நீங்க போன கையோட வந்தாங்க. முக்காட்டால முகத்த மூடியிருந்தாங்க. கதைக்கல்ல. பொத்தான எல்லாம் லேசாக் கழட்டி, சட்டையப் புரட்டி உள்ளுக்குப் பாத்தாங்க. இடக்கைச் சின்னவிரல் மடங்கிக் கிடந்திச்சி."

லைலா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுகா அளவெடுத்தாங்க."

பாயின் ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளை நூல் கிடந்தது. லைலா எடுத்துப் பார்த்தாள். நனைந்து, மணல் ஒட்டியிருந்தது.

"கலியாணச் சட்டைக்கு என்னத்துக்கு உம்மா அப்பிடி அளக்கிற?" ஜெமீலா சிரித்தாள். "என்ன நிமிந்து படுக்க வெச்சி, தலைக்கு மேல ஒரு சாண், காலுக்குக் கீழ ஒரு சாண் கூட்டி அளந்தாங்க."