ரேகை அழிந்த விரல்

"விரலை வைங்க மேடம்... அப்பதான் நான் வண்டியை எடுக்க முடியும்!"

கொட்டும் மழையில் வாசலில் நின்றபடி கைப்பேசியை நீட்டினான் அவன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். புற்றுநோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகத் துணையாள் தேடித் தரும் செயலியில் புதிதாகப் பெயர் கொடுத்திருந்தான். முதல் சவாரியே இவள், உள்ளூர்ப் பள்ளியின் கணக்கு டீச்சர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த விரலை வைக்க? பாருங்க! மாத்திரை தின்னு தின்னு ரேகையே அழிஞ்சு போச்சு. எங்களுக்குன்னு செஞ்ச செயலிக்கு இதுகூடவா தெரியாது? நான் நான்தான்னு காட்ட இன்னும் எவ்வளவு தோலை உரிக்கணும்?"

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அந்தக் கண்களில் பரிதாபத்தைத் தேடினாள். இல்லை. அவளைவிட அதிகக் கோபம்!

"ஏறுங்க டீச்சர். விரல் வைக்கிற விதியாவது, வெங்காயமாவது!"

அவளை இறக்கிவிட்ட கையோடு செயலிக்காரர்களுக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தான். அடுத்த வாரமே விரல் வைப்பது போய், பெயர் சொன்னால் போதும் என்றானது. அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவன் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டினாள்.

"திட்டுங்க டீச்சர்... ரோடு நேராத்தான் இருக்கு!"

வாராவாரம் அதே திட்டு, அதே சிரிப்பு. பிறகு ஒரு காலையில் செய்தி வந்தது. 'உங்கள் துணையாளர் மாற்றப்பட்டுள்ளார். இனிய பயணம்!'

இனிய பயணமாம்! ஓடிவிட்டான். நோயாளி அலுத்துவிட்டாள் போலிருக்கிறது... அன்றைய சிகிச்சை முடிந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் நேரே அவன் கடைக்குள் நுழைந்தாள்.

"சொல்லிட்டுப் போற மரியாதைகூட இல்லையா?"

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "உட்காருங்க டீச்சர்..."

"உட்கார வரலை! ஏன் போனீங்க?"

"நானாத்தான் பேரை எடுத்தேன். துணைக்கு வர்றவன் அழைச்சுட்டுப் போறவங்க மேல ஆசைப்படக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆசைப்பட்டுட்டேன்... அந்த வண்டியில வெச்சு அதைச் சொன்னா, இஷ்டமில்லைன்னாலும் உங்களால இறங்க முடியாதே. இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றதா இருந்தேன்."

 அவளுக்கு ரோஷம் முந்திக்கொண்டது.

"பரிதாபமா?"

அவன் முதன்முறையாக அவளிடமே கோபப்பட்டான். "பரிதாபப்படறவன் திட்டு வாங்கறதுக்கு வாராவாரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வருவானா?"

அவள் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குணமாகும்னு எந்த டாக்டரும் எழுதித் தரலை."

"எழுதித் தரச் சொல்லி நான் கேட்டேனா?"

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

"ஊசி போடுற நாள்னாலே முந்தின ராத்திரி அழுவேன். நீங்க வந்தப்புறம்... நாளைக்கு என்ன சொல்லித் திட்டலாம்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிடுவேன். அதையும் பிடுங்கிட்டுப் போனா எனக்குக் கோபம் வராதா? ஆமாம், பிடிச்சிருக்கு! ரொம்பப் பிடிச்சிருக்கு... போதுமா?"

கத்திவிட்டு, அவன் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.