போனுக்குள் இருக்கும் அப்பா

கப்பலில் ஏறிய முதல் நாள் எல்லோரும் நீச்சல் குளத்தைத் தேடித்தான் ஓடினார்கள். மேனேஜர் மட்டும் அறையில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்கு வயது பத்து. யார் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்வாள். அதனால் வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய தம்பிக்கு இரண்டரை வயது. அவனை உருண்டை என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

அவர்களுடைய அப்பா அதே கப்பலில்தான் வேலை செய்கிறார். கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் பேக்கரியில் ரொட்டியும் பன்னும் சுடுகிறார். அவர் வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்து மாதம் ஆகிவிட்டது. இந்த ஐந்து நாள் பயணத்துக்குக் குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று கம்பெனியில் சொன்னதால்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஆனால் முதல் நாள் பேக்கரியில் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. நாலரை மணிக்கு இருபது நிமிஷம் வந்துவிட்டுப் போகிறேன், அதை விட்டால் நாளை மறுநாள்தான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அறை சின்னது. இரண்டு கட்டில்கள், சுவரோடு மடித்து வைத்த மூன்றாவது கட்டில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஜன்னல். அம்மா கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை தலை வாரிக்கொண்டாள். மேனேஜர் அதைக் கவனித்தாள்.

சரியாக நாலரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்பா. வெள்ளைச் சட்டை, உயரமான வெள்ளைத் தொப்பி, புருவத்தில் மாவு. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மேனேஜரை இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டு உருண்டையிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

உருண்டை அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

"இந்த மாமாவ போகச் சொல்லு" என்றான்.

பழக்கடைக்காரர் ஒரு மாமா, பஸ் டிரைவர் ஒரு மாமா, இப்போது அப்பாவும் ஒரு மாமா. அப்பா சிரித்துச் சமாளிக்கத்தான் பார்த்தார். ஆனால் அவருக்கு மனசு வலித்தது என்பது மேனேஜருக்கு நன்றாகவே தெரிந்தது.

அப்பா பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். உருண்டை பன்னை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஒளிந்தான். அம்மா அவனைத் தூக்கி அப்பா கையில் கொடுத்துப் பார்த்தாள். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இது அப்பாதான்டா என்று அம்மா கெஞ்சினாள்.

"இல்ல, அப்பா போன்ல இருக்காரு" என்றான் உருண்டை, பன்னை மென்றுகொண்டே.

பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. பரவாயில்லை, குழந்தைதானே, நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா எழுந்தார்.

மேனேஜர் யோசித்தாள். உருண்டை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா உள்ளங்கை அளவுதான். அவருக்குக் காலே கிடையாது. கப்பல் கரையில் நிற்கும் நாளெல்லாம் சாயங்காலம் பனியனோடு போனில் வருவார், கன்னத்தை உப்பிக் காட்டுவார். உருண்டை திரையில் விரலால் குத்துவான், அவர் 'புஸ்' என்று காற்றை விடுவார். அதுதான் அப்பா. திடீரென்று தொப்பியும் காலுமாக ஒருவர் வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்?

"அப்பா, நீங்க வெளிய போங்க" என்றாள். அப்பாவின் முகம் இன்னும் வாடியது. "தொப்பியையும் சட்டையையும் கழட்டிட்டு, அங்கிருந்து போன் பண்ணுங்க."

கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நின்றது. ஐந்து மணிக்குக் கிளம்பிக் கரையைத் தாண்டிவிட்டால் சிக்னல் கிடைக்காது. அதனால் அப்பா மறுபேச்சு பேசாமல் போய்ப் பனியனோடு வெளியே நின்றார். பெட்டி தள்ளிக்கொண்டு வந்த பெண் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

அம்மாவின் போன் அடித்தது. மேனேஜர் அதை உருண்டையின் கையில் கொடுத்தாள். திரையில் அப்பாவைப் பார்த்ததும் அவன் குதித்தான். ஒரு மாமா வந்து தன்னைத் தூக்கிவிட்டார் என்று புகாரும் சொன்னான். அப்பா அதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

மேனேஜர் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். அப்பாவைத் தரையில் உட்கார வைத்து, முகத்தை மட்டும் உள்ளே நீட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். அப்பா போனைப் பார்த்துக் கன்னத்தை உப்பினார். உருண்டை திரையில் குத்தினான். 'புஸ்' என்ற சத்தம் கதவுப் பக்கமிருந்து வந்தது. ஒரு நொடி கழித்துப் போனிலிருந்தும் வந்தது.

உருண்டை திரும்பினான். கதவோரம் ஒரு முகம். போனிலும் அதே முகம். அதைப் பார்த்தான், இதைப் பார்த்தான். போனைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து போனான். கதவோரம் இருந்த கன்னம் மறுபடியும் உப்பியது. விரலால் குத்தினான். மெத்தென்று இருந்தது. காற்று அவன் மூஞ்சியிலேயே அடித்தது.

"அக்கா, அப்பா வெளிய வந்துட்டாரு" என்றான்.

மீதி இருந்தது நாலே நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் உருண்டை அப்பாவின் மேலேயே இருந்தான். குனிந்து அவருடைய கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜருக்கும் அழுகை வந்தது, ஆனால் மணி பார்க்கும் வேலை இருந்ததால் அதைத் தள்ளிப்போட்டாள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவள் சொன்னதும், அப்பா பையனை இறக்காமலே ஒவ்வொரு கையாகச் சட்டையை மாட்டினார். போய்விட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதுதான் தாமதம், உருண்டை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அம்மாவும் மேனேஜரும் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த அப்பாவைத் தலைமைச் சமையல்காரர் முறைத்தாராம். சட்டைத் தோளில் என்ன இவ்வளவு ஈரம் என்று கேட்டாராம்.

"என் பையன் சார். என்னை விடவே மாட்டேன்னு ஒரே அழுகை" என்றாராம் அப்பா. பிறகு பேக்கரியில் இருந்த மற்ற ஏழு பேரிடமும் தனித்தனியாகப் போய் அதையே சொன்னாராம்.