கரிக்கு ஒருவர், கைப்பிடிக்கு ஒருவர்

திங்கட்கிழமையிலிருந்து துன்யாவின் வீட்டில் யாரும் கத்தவில்லை.

அதற்கு முன்பெல்லாம் காலைச் சாப்பாட்டு மேசையே கால்பந்து மைதானம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அப்பா ஃப்ரானே, மறுபக்கம் அண்ணன் யாகொவ். ரொட்டித் துண்டையும் உப்புப் புட்டியையும் ஆட்டக்காரர்களாக்கி நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுவார்கள்.

"அது ஆஃப்சைடே இல்லப்பா!"

"உன் மூஞ்சியில இருக்கறது கண்ணா, கோலிக்குண்டா?"

பக்கத்து வீட்டு நாய்கூட அவர்களோடு போட்டி போட்டுக் குரைத்துவிட்டு ஓய்ந்துபோகும்.

திங்கட்கிழமை யாகொவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஆட வரும்படி ஒன்று ஆஸ்திரேலியக் கால்பந்து அணியிலிருந்து, இன்னொன்று குரோவேஷிய அணியிலிருந்து. அப்பா குரோவேஷியாவில் பிறந்தவர். யாகொவும் துன்யாவும் மெல்பர்னில் பிறந்தவர்கள். அதனால் அவன் இரண்டில் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் ஒன்றுக்குத்தான் ஆட முடியும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து அப்பா மழையையும் வெயிலையும் பற்றி மட்டுமே பேசினார். யாகொவ் 'ம்' என்று மட்டுமே சொன்னான். துன்யா உப்புப் புட்டியை நகர்த்திப் பார்த்தாள்; யாரும் சண்டைக்கு வரவில்லை.

சனிக்கிழமை மாலை யாகொவ் கார் கொட்டகைச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்னு வெச்சுக்கோ. ஆனா அப்பா மனசுல என்ன இருக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது?"

"அவரையே கேளேன்."

"வாயைத் திறந்தாலே, 'நாளைக்கு மழை வரும்போல'ன்னு எழுந்து போயிடறார்."

துன்யா வாசலுக்கு ஓடினாள். அப்பா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில்தான் ஒரு தடவை கழுவியிருந்தார்.

"அப்பா, அண்ணாகிட்ட பேசுங்களேன்!"

"நான் என்னத்தைப் பேசறது? நான் ஒரு வார்த்தை சொன்னா, எனக்காகவே அந்தப் பக்கம் போயிடுவான். அப்புறம் காலமெல்லாம் அது அவனுக்கு உறுத்தும்." சட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "மேகம் கட்டுது, பாரு."

துன்யா யோசித்தாள். இவர் சொன்னதை அவனிடமும், அவன் சொன்னதை இவரிடமும் போய்ச் சொல்லலாம். ஆனால் அப்போதும் இருவரும் அவளிடம்தானே பேசுவார்கள்? எழுந்து போகவே முடியாத ஓர் இடத்தில் இரண்டு பேரையும் நிறுத்த வேண்டும்.

அப்படி ஓர் இடம் உண்டா என்ன?

படுக்கப் போகும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தது!

ஞாயிற்றுக்கிழமை என்றால் குரோவேஷியச் சங்கத்தில் ஆட்டுக்குட்டி விருந்து. நீளக் கம்பியில் முழு ஆட்டைக் கோத்து, உப்பைத் தடவி, கரி நெருப்பின்மேல் நான்கு மணி நேரம் சுற்றுவார்கள். மோட்டார்தான் சுற்றும். மோட்டார் ஓடவில்லை என்றால் கையால் சுற்ற வேண்டும். கைப்பிடிக்கு ஒருவர், கரி தள்ள ஒருவர். ஆடு வேகும்வரை இரண்டு பேரும் நகரக்கூடாது.

மறுநாள் காலை, யாரும் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே, மோட்டாரையும் கம்பியையும் இணைக்கும் ரப்பர் பட்டை துன்யாவின் பாவாடைப் பைக்குள் போய்விட்டது.

"எந்தக் கழுதை பட்டையைக் கழட்டினது?" என்று கத்தினார் ஷிமே மாமா. சங்கத்தின் சமையல் அவர் பொறுப்பு. அன்று அவருக்குக் கூடுதல் படபடப்பு வேறு. யாகொவ் குரோவேஷியாவுக்குத்தான் ஆடுவான் என்று அவராகவே முடிவு செய்து, குரோவேஷிய அணிச் சட்டை மாதிரியே சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய கேக்குக்குச் சொல்லியிருந்தார். "சரி, கையால சுத்தறதுக்கு யார் வர்றீங்க?"

ஒருவருக்கு உடனே முதுகு வலித்தது. ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இன்னொருவர் தொலைபேசி அடிக்காமலேயே அதை எடுத்துப் பேசிக்கொண்டு நழுவினார்.

"எங்க அப்பாவுக்குக் கை பலம் ஜாஸ்தி, மாமா," என்றாள் துன்யா. "அண்ணா நல்லா கரி தள்ளுவான்."

"அட, ஆமா! டேய் ஃப்ரானே! யாகொவ்! வாங்கடா இங்கே!"

துன்யா ஒரு கூடை வெங்காயத்தாளை ஆய எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கம்பி 'க்ரீச், க்ரீச்' என்று சுற்றியது. அரை மணி நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான்.

"மழை வரும்போல," என்றார் அப்பா.

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லப்பா."

அப்பா மெதுவாகக் கைப்பிடியை விட்டார்.

"விட்டே, தொலைஞ்சே!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து ஷிமே மாமாவின் குரல். "ஒரு பக்கம் கருகினா உன்னையே கம்பியில கோத்துருவேன்!"

அப்பா மறுபடியும் பிடித்துக்கொண்டார். யாகொவ் கரியை ஆட்டின் தோள் பக்கம் தள்ளினான். பிறகு, நெருப்பைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏன்பா என்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க?"

"பேசினா நீ எனக்காக முடிவு எடுத்துருவே. அந்தப் பயம்தான்."

"நீங்க பேசாததால, உங்களுக்கு என்மேல கோபம்னு நினைச்சேன்."

"கோபமா? எதுக்குடா?"

யாகொவ் கரிக்கம்பைக் கீழே வைத்தான். "கோல் போட்டதும் யாரை ஓடிப் போய்க் கட்டிப்பிடிப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன்பா. ஒன்பது வயசுலேருந்து என்கூட ஆடற பசங்க முகம்தான் வந்தது. நான்... ஆஸ்திரேலியாவுக்கு ஆடணும்னு நினைக்கிறேன்."

துன்யாவின் கையில் வெங்காயத்தாள் அப்படியே நின்றது. அப்பா கைப்பிடியைச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று.

"அப்போ மஞ்சள் சட்டை," என்றார் கடைசியில். "மஞ்சள் போட்டா எனக்குக் காமாலை வந்த மாதிரி இருக்குமேடா."

யாகொவ் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "புகைப்பா," என்றான்.

"எனக்கும் புகைதான்," என்றார் அப்பா. "சரி, ஒருநாள் நீ குரோவேஷியாவுக்கு எதிரா ஆடினா, நான் யாருக்குடா கத்தறது?"

"சும்மா கத்துங்கப்பா," என்றாள் துன்யா. "யாருக்குன்னு யார் கேட்கப் போறாங்க?"

விஷயம் தெரிந்ததும் ஷிமே மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "கேக்குல கட்டம் போட்டாச்சேடா!"

"கொண்டா இங்கே," என்றார் அப்பா. "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒரே நிறம்தான்." முதல் துண்டை வெட்டி யாகொவின் வாயில் திணித்தார்.

மாலையில் வீடு திரும்பும்போது, காருக்குள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"அது பெனால்ட்டியே இல்லப்பா!"

"நீயெல்லாம் நாட்டுக்கு ஆடப்போறே! ஆண்டவா, காப்பாத்து!"

பின் இருக்கையில் துன்யா சுகமாகச் சாய்ந்தாள். அப்போது அவள் பையிலிருந்து ஏதோ கறுப்பாக எட்டிப் பார்த்தது. அப்பா கண்ணாடியில் அதைக் கவனித்துவிட்டார்.

"துன்யா, அது என்ன? மோட்டார் பட்டை மாதிரி இருக்கு."

துன்யா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "மழை வரும்போலப்பா," என்றாள்.

அப்பாவின் மீசை துடித்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் அது உன் பையிலேயே இருக்கட்டும்," என்றார்.